அண்ணன் வீட்டில் கட்டாத வேப்பிலை

எங்கள் ஊரில் யார் உடம்பிலாவது ஒரு கொப்புளம் கிளம்பினால் முதல் போன் டாக்டருக்குப் போகாது, அழகம்மை அக்காவுக்குத்தான் போகும். பூதப்பாண்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே இரண்டு தெருவும் ஒரு முத்தாரம்மன் கோயிலும் உள்ள ஊர் இது. முக்கில் மருந்துக்கடை வைத்திருக்கும் எபிசன் நான்தான். மருந்து படித்த ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்க, இவர்கள் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைகிற பெண்ணைக் கூப்பிடுகிறார்களே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பிறகு என் மகன் ஆன்ஸ்லினுக்கே அம்மை போட்டது. நானும் அவளைத்தான் கூப்பிட்டேன்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒன்பது வயதில் அம்மை போட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் தழும்பு நின்றுபோயிருக்கிறது. அம்மன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போன உடம்பு, இனிமேல் வரமாட்டாள் என்பதுதான் இந்த வேலைக்கு அவளிடம் இருந்த தகுதி. கணவர் தாணுமாலயன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் ஷீஜா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா அம்மை கண்ட வீட்டுக்குப் போவாள். வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, பிள்ளையைப் படுக்கவைத்து, சொறியவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றையும் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுகிற ஆளும் இல்லை. ஒருமுறை கீழத்தெருவில் ஒரு பையனுக்கு மூச்சு வாங்கியபோது, “அம்மா முத்துதான் போடுவா, மூச்ச அடைக்கமாட்டா. இது வேற என்னமோ. ஆட்டோவக் கூப்பிடுங்க” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தவள். நிமோனியா என்றார்கள். அவள் அரைமணி நேரம் தாமதித்துச் சொல்லியிருந்தால் பையன் இல்லை.

போனதும் அவள் செய்கிற முதல் வேலை, வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை கட்டுவது. இலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது. அந்த வீட்டிலிருந்து யாரும் இன்னொரு வீட்டுப்படி ஏறக்கூடாது. தாளிக்கக்கூடாது, விருந்து கூடாது. பிள்ளைக்குக் குணமாகித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் விட்டு இலையை அவிழ்க்கிறவரை அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் கோயில் நடையை மிதிக்கக்கூடாது. கொரோனாக் காலத்தில் சுகாதாரத்துறைக்காரர்கள் கதவுகளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மறுநாளே நம் ஆட்கள் நகத்தால் சுரண்டி எடுத்தார்கள். அக்கா கட்டிய இலையைத் தொட ஒருத்தனுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

எங்கள் வீட்டிலும் கட்டினாள். என் அம்மா ஜெயபாய்க்குத்தான் கொஞ்சம் சங்கடம். போதகர் ஜெபிக்க வந்தால் என்ன சொல்வது என்று பயந்து, கொசுவுக்குக் கட்டியிருக்கிறோம் என்று சொல்லச் சொன்னாள். போதகர் வந்தார், இலையைப் பார்த்தார், வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தானே. அந்தப் பத்து நாளும் அக்கா எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அம்மை கண்ட வீட்டில் கை நனைக்கக்கூடாதாம். வாங்கிக்கொண்டது ஒன்றும் கிடையாது.

அவளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பெருமை உண்டு. அம்மை வீட்டிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போகமாட்டாள். கோயில் குளத்தில் தலை முழுகி, சேலையையும் அலசி, ஈரத்தோடு போய்ப் பின்வாசல் வழியாக நுழைவாள். மழைக்காலத்திலும் அப்படித்தான். இத்தனை வீட்டு அம்மையைத் தொட்டவள், தன் மகளுக்கு ஒரு முத்து வராமல் இருபத்தைந்து வருடம் காப்பாற்றி வந்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் கணபதியப்பன் ஊரில் பெரிய புள்ளி. என் கடை இருப்பதும் அவருடைய கட்டடத்தில்தான். தங்கை புருஷனை இழந்த பிறகு ஷீஜாவைக் கல்லூரியில் சேர்த்ததும் மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான், அதை நான் மறைக்கமாட்டேன். அக்காவுக்கு அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லை. இந்தக் காரியம் நடந்த வருடம் அவர் கோயில் தலைவரும் ஆனார். பங்குனிக் கடைசிச் செவ்வாயில் நடக்கிற கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. இருபது வருடம் மேலத்தெருக்காரர்கள் கையில் இருந்த பதவி அது.

கொடைக்கு நான்கு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரே வந்தார். எப்போதும் மருந்துக்கு ஆள் அனுப்புகிறவர். போனை நீட்டினார். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின் படம் அதில் இருந்தது. அம்மைக்குக் கொடுக்கிற மாத்திரையும் மேலே பூசுகிற லோஷனும். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தார். வயது பதினாறு என்று இருந்ததை மறைக்க மறந்துவிட்டார். அந்த வீட்டில் பதினாறு வயதில் இருப்பது அவர் மகள் ஹரிதா மட்டும்தான்.

“அழகம்மை அக்காட்ட சொல்லியாச்சா?” என்று கேட்டேன்.

“ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல. நீயும் சொல்லாத.”

“அப்பம் இலை கட்டண்டாமா?”

“இலை கட்டுனா நான் எப்படி கோயிலுக்குள்ள போவேன் எபிசா? மேலத்தெருக்காரன் சிரிக்கமாட்டானா? நாலஞ்சு நாள் காரியம். பிள்ளைய அறைக்குள்ள போட்டு வச்சிருக்கு. கொடை முடியட்டு, பெறவு அம்மைக்கு என்ன செய்யணுமோ நான் செய்வேன்.”

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். பேசாமல் இருந்ததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. வாங்குகிறவர் என்ன வாங்கினார் என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது என் தொழில். கோயில் வழக்கம் அவர்கள் காரியம், சபைக்குப் போகிறவன் அதில் தலையிட என்ன இருக்கிறது. கடை அவருடைய கட்டடத்தில் இருக்கிறது. மூன்று காரணம் கைவசம் இருக்கும்போது எந்த மனுஷனும் வாயைத் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவாக்கில் அழகம்மை அக்கா கடைக்கு வந்தாள். கூடவே ஷீஜா. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், எட்டு மாதம் முடிந்திருந்தது. பச்சைப் பட்டும் கைநிறையக் கண்ணாடி வளையலுமாக, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கால்சியம் மாத்திரை கேட்டார்கள்.

“எங்கக்கா, பட்டெல்லாம் உடுத்தி?”

“அண்ணன் வீட்டுல விருந்து மக்கா. தாய்மாமன் சோறு போடாம எம்பிள்ள பெறுவாளா? ரெண்டு வாரம் முன்னாலயே சொல்லிட்டாவ. மைனி காலையில இருந்து மூணு மட்டம் போன் பண்ணியாச்சு.”

இந்த விருந்தை நிறுத்தியிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நிறுத்தினால் தெரு கேட்கும், ஏன் நிறுத்தினாய் என்று. கேட்டால் ஹரிதா கதை வெளியே வரும். ஆகவே நிறுத்தவில்லை. ரகசியம் ரகசியமாக இருக்கவேண்டுமானால் பிள்ளைத்தாய்ச்சி அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும்.

அக்கா மகளின் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். “பாத்தியா தம்பி, ஒரு பொட்டுத் தழும்பு உண்டா? இவளுக்கு இன்னைக்கி வரைக்கும் ஒரு முத்து போடல்ல. நான் எத்தன வீட்டுக்குப் போனவ!”

“அக்கா” என்றேன்.

“என்ன மக்கா?”

“கால்சியத்த சாப்பாட்டுக்குப் பெறவு குடுங்க.”

அதைத்தான் சொன்னேன். அம்மாவும் மகளும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் நடந்து போனார்கள்.

விருந்தில் நடந்ததை ஹரிதா பிறகு என் மனைவி ரெனிஷாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆள் வருகிறார்கள் என்று அன்று காலையில்தான் அவளைக் கீழறையிலிருந்து மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். தோழி வீட்டில் படிக்கப் போயிருக்கிறாள் என்று ஷீஜாவிடம் சொன்னார்களாம். கணபதியப்பன் தன் கையாலேயே மருமகளுக்கு இரண்டாம் மட்டம் பாயசம் விட்டிருக்கிறார். சாப்பிட்ட களைப்பில் ஷீஜா, “மாமா, கொஞ்சம் கெடக்கட்டா?” என்று கேட்டு, ஹரிதாவின் அறைக்குள் போய், ஹரிதாவின் கட்டிலில், ஹரிதாவின் தலையணையில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். போர்வையைக்கூட மாற்றியிருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே. ஹரிதாவின் அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கொடை ஜாம்ஜாமென்று நடந்தது. வில்லுப்பாட்டு, கரகாட்டம், எல்லாம் உண்டு. கணபதியப்பனுக்குத் தலைப்பாகை கட்டி மாலை போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். அம்மன் கண்ணைத் திறந்துதானே வைத்திருந்தாள், அவளாவது ஏதாவது செய்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது. வேற்று வேதக்காரன் இப்படி நினைப்பது தப்போ என்னவோ. பெண்களில் முன்னால் மஞ்சள் குடம் எடுத்து வந்தது அழகம்மை அக்கா.

விருந்து முடிந்து பதினாறாம் நாள் ஷீஜாவுக்குக் காய்ச்சல். மறுநாள் வயிற்றில் முதல் கொப்புளம். தன் வீட்டு வாசலில் அக்கா தன் கையாலேயே இலை கட்டினாள். நாலாம் நாள் வலி எடுத்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பேறுகாலத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அதைத் தாங்குகிற சக்தி சேராது, பிறந்த உடம்பில் அது நெஞ்சில் இறங்கலாம், உயிரே போகலாம். நான் படித்த படிப்பில் இது வரும். குழந்தைக்கு ஊசி போட்டுத் தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஐந்தாம் நாள் அதன் உடம்பிலும் கொப்புளம் வந்தது. பிழைக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்களாம்.

அப்போதுதான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும், நான் டீக்கடையில் இருந்தேன். கையில் கிளாஸோடு கணபதியப்பன் சொன்னார்: “கண்ட வீட்டுக்கெல்லாம் போய்க் கெடந்தா இப்படித்தான். மாசியில கீரிப்பாற ரப்பர் எஸ்டேட்டுல பால்வெட்டுக்காரன் பிள்ளைக்கு அம்மைன்னு போயி நாலு நாள் இருந்தால்லா? சேலையில கொண்டாந்திருப்பா. சொன்னா கேக்கணும்.”

மாசியில் தொட்ட அம்மை சித்திரையில் வராது. மூன்று வாரத்துக்குமேல் அது காத்திருக்காது. அந்தக் கடையில் அது தெரிந்தவன் நான். டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா அதை நம்பினாள். அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது. அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லாதவள், இதற்கும் மறுபேச்சு சொல்லவில்லை. மஸ்கட்டில் இருக்கிற மருமகன் போனில், “ஊருக்கு ஊழியம் செய்ய ஒங்களுக்கு எம்பிள்ள உயிரா கெடச்சுது?” என்று கத்தியதையும் கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு ஒட்டி நிற்பாளாம், யார் மேலும் சேலை படாமல். ரெனிஷா பார்க்கப் போனபோது, “கிட்ட வராத ஏட்டி. நாந்தான் கொண்டாந்தேன். எங்கயோ ஒரு நாள் சரியா முழுகாம வந்திருக்கேன், எந்த நாள்னு நெனச்சுப் பாக்கேன், ஓர்மையில்ல” என்று சொல்லி அழுதிருக்கிறாள். அம்மை வீடுகளுக்கு உடுத்திப் போகிற இரண்டு நூல்சேலையையும் கொல்லையில் போட்டு எரித்துவிட்டாள். இனி மஞ்சள் குடம் எடுக்கமாட்டேன் என்று பூசாரியிடமும் சொல்லிவிட்டாள். ரெனிஷா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

பிறந்து இருபத்திரண்டாம் நாள் குழந்தையை வீட்டுக்கு விட்டார்கள். கோழிக்குஞ்சு கணக்காக இருந்தது, ஆனால் பால் குடித்தது. அன்று சாயங்காலம் ஹரிதா பார்க்க வந்தாள். அத்தை வாசல் பக்கம் ஒதுங்கி, பேத்தியைத் தொடாமல் தூரத்தில் நின்று பார்ப்பதைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்குத் தாங்கவில்லை. நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். காய்ந்தும் காயாத ஒரு குழி.

“அத்தே, நீங்க கொண்டு வரல்ல. எனக்குத்தான் வந்து. கொடைக்கி முன்னாலயே வந்து. அப்பா சொல்லப்பிடாதுன்னு சொன்னாவ. ஷீஜாக்கா என் கட்டில்லதான் படுத்தா. நான் மாடியில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.”

அக்கா அவளை இழுத்து மடியில் போட்டு, உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாளாம். முதலில் அவள் கேட்டது, “இலை இல்லாம எப்படிட்டி கெடந்த? ரொம்ப அரிச்சுதா?” என்பதுதான்.

மறுநாள் காலை எட்டு மணி. கடை திறந்துகொண்டிருந்தேன். கை நிறைய வேப்பங்கொப்போடு அக்கா தெருவழியாக வந்தாள். அந்த நேரத்தில் அவளை வேப்பிலையோடு பார்த்தால் யாருக்கு அம்மை என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். பூக்காரி எழுந்தாள். கோயிலிலிருந்து பூசாரி வந்தார். நானும் பின்னால் போனேன். அவள் கணபதியப்பன் வீட்டு முன்னால் நின்று, இரும்புக் கேட்டில் அந்தக் கொப்பைக் கட்ட ஆரம்பித்தாள்.

கணபதியப்பன் பல்தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டார். “ஏட்டி அழகு, என்ன செய்ய?”

“கட்டவேண்டிய நாள்ல கட்டல்ல. இன்னைக்கி கட்டுகேன்.”

“கிறுக்கு பிடிச்சிருக்கா? அவுருட்டி அத.”

“அண்ணே, எம்பிள்ளைக்கு நீதான தகப்பன். நீதான கெட்டிக்குடுத்த. அவள அந்தக் கட்டில்ல கெடக்க எப்படி விட்ட? சரி, தெரியாம விட்டன்னு வையி. பெறவு நான் சேலையில கொண்டாந்தேன்னு எதுக்குச் சொன்ன? இருபத்திரெண்டு நாளு நான் என் பேத்தியத் தொடல்லண்ணே.”

கணபதியப்பன் வாய் நுரையைத் துப்பினார். அவர் முகத்தில் வெட்கம் வந்ததா என்று பார்த்தேன். வந்தது எரிச்சல்தான்.

“பிள்ளைக்கித்தான் ஒண்ணும் ஆவலியே. பொழச்சாச்சுல்லா. பெறவு எதுக்கு நடுத்தெருவுல நின்னு நாடகம்?”

அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். அவள் எதை எதிர்பார்த்தாள் என்பது எனக்குப் புரிந்தது. ‘அடப்பாவி, இப்படியா செய்தான்’ என்று ஒருத்தராவது மூக்கில் விரல் வைப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பால்காரர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அவள் மொட்டைமாடியில் முகமெல்லாம் கொப்புளத்தோடு ஹரிதாவைப் பார்த்தவள். பூசாரி அந்த வீட்டுக்கு ரகசியமாகத் தீர்த்தம் கொண்டுபோனவர். இளநீர்க்காரர் தினமும் நாலு இளநீர் வெட்டியவர். இலை ஒன்றுதான் கட்டவில்லை, மற்றபடி தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அவள் தன்னைத்தானே குற்றவாளி என்று நினைத்து ஒடுங்கிக் கிடந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றாகத் தாழ்ந்தது. இதில் அவள் கைபிடித்து உட்காராத பிள்ளை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. கடைசியில் என்னிடம் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. கோயில், கொடை, மேலத்தெரு, கீழத்தெரு எதிலும் சேராதவன், இவனாவது இருக்கிறானே என்று நினைத்திருப்பாள்.

“ஒனக்குத் தெரியாதுல்லா தம்பி?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய்தான் அவளுக்கு உதவியாகக்கூட இருந்திருக்கும்.

“தெரியும்க்கா. மருந்து நான்தான் குடுத்தேன்.”

“என்னைக்கி?”

“வெள்ளிக்கெழம.”

அவள் வாய்க்குள்ளேயே நாட்களை எண்ணினாள். “நாங்க ஒங்கடைக்கு வந்தது ஞாயித்துக்கெழம” என்றாள். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், தொழில், வழக்கம் என்று என்னவோ. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குரல் உயரவே இல்லை.

“இவனுக்கெல்லாம் தலப்பாவும் மாலையும்தான் தெரியும், எபிசா. வயித்துப் பிள்ளைக்கி அது என்ன செய்யும்னு இந்தத் தெருவுல ஒனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.”